இருபத்துமூன்று பள்ளங்கள்

அந்தத் தெரு யாருக்கும் சொந்தமில்லை. மனை பிரித்து விற்றவர் கடைசி மனையையும் விற்ற மறுநாளே கைகழுவிவிட்டுப் போய்விட்டார். நகராட்சியில் போய்க் கேட்டால், அது தனியார் தெரு, நாங்கள் கை வைக்க முடியாது என்றார்கள். வீட்டுக்காரர்களைக் கேட்டால், என் வாசற்படிவரைக்கும்தான் என்னுடையது, அதற்கு அந்தப் பக்கம் ஊர்ச் சொத்து என்றார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து முப்பத்தெட்டு வீடுகள், எண்ணூறு அடி நீளம். ஒரு மழை பெய்தால் போதும், தெரு வாயைத் திறந்துவிடும்.

இப்படி நாதியற்றுக் கிடந்த தெருவைப் பதினோரு வருடம் தூக்கி வளர்த்தவர் ஓவர்சியர்.

உண்மையில் அவர் ஓவர்சியர் இல்லை. சிமெண்ட் கிடங்கில் முப்பது வருடம் மூட்டை எண்ணியவர். ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் மழைக்காலத்தில் தன் வாசல் பள்ளத்தை அடைத்தார். அப்புறம் பக்கத்து வீட்டுப் பள்ளம். அப்படியே நகர்ந்து தெருமுனைக்கே போய்விட்டார். யாரோ கேலியாக "என்ன ஓவர்சியர்?" என்று கூப்பிட்டார்கள். நாலு நாளில் கேலி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதில் அவருக்கு வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். தபாலில் வரும் உறையிலும் அந்தப் பெயரே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்ட மனிதர் அவர்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பள்ளத்தை முதலில் கட்டமாக வெட்டி விளிம்பை நேராக்குவார். பழைய பெயிண்ட் பிரஷால் தூசியைத் துடைத்து எடுப்பார். யார் வீட்டிலாவது குளியலறையை இடித்தால் டைல்ஸ் துண்டுகளை வாங்கி வைத்திருப்பார். அவற்றை அடுக்கி, சிமெண்ட் கலவையைப் போட்டுத் தேய்த்து, ஈரச் சாக்கை மூடி, பக்கத்தில் மூன்று கால் நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெயர் உண்டு. பால் கேன் கவிழ்ந்தது பால் பள்ளம். நாலாம் வீட்டு மாப்பிள்ளை புது பைக்கோடு விழுந்தது மாப்பிள்ளைப் பள்ளம். அடுத்த மழைக்காலத்தில் எல்லாம் மறுபடி பெயர்ந்துவிடும். மறுபடி அடைப்பார். தெருவும் "பாவம், நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு சட்டி மணல் தூக்கிக் கொடுக்க ஒருவர் வந்ததில்லை.

அவர் மனைவிக்கு மூன்று வருடமாக இரண்டு முழங்காலும் தகராறு. வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகவேண்டும். வாடகைக் கார்க்காரர்கள் எவரும் தெருவுக்குள் வரமாட்டார்கள், முனையிலேயே நின்றுவிடுவார்கள். அதனால் வாசலிலிருந்து முனைவரைக்கும் ஓவர்சியர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடப்பாள். "இங்க வலது பக்கம் ஒதுங்கு. இப்ப ரெண்டு சின்ன அடி. இது பால் பள்ளம், சுத்திக்கோ." அவள் தரையைப் பார்க்கவே வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டு வரலாம். அந்த எண்ணூறு அடியும் அவர் தலையில் கிரீடம் இருப்பது போலத்தான் நடந்தார்.

அந்தக் கிரீடத்தைத் தட்டிவிட வந்தாள் தையல்காரம்மா.

எதிர்வரிசையில் இரண்டு வீடு தள்ளி, நூறு அடி தூரத்தில், ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு வந்து முன்னறையில் மூன்று தையல் மெஷின் போட்டிருந்தாள். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். வந்து இரண்டு வருடம்தான். அதற்குள் தெருவில் எந்த வீட்டில் யாருக்கு இடுப்பு எத்தனை அங்குலம் என்பது அவளுக்கு அத்துப்படி. அவளிடம் துணி தைக்கும் ஒருத்தி நகராட்சி ஆபீசில் குமாஸ்தா. தனியார் தெருக்களையும் சீர்செய்ய இந்த வருடம் பொதுப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அவள் வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். எல்லா வீட்டுச் சொந்தக்காரர்களும் கையெழுத்துப் போடவேண்டும். தெருவை நகராட்சிக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கவேண்டும். என்ஜினியர் வந்து பார்த்து, தெரு பழுதுதான் என்று எழுதவேண்டும். பட்டியல் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் பணம் உண்டா என்பது யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான் சேதி. வேறொருத்தியாக இருந்தால் பொத்தான் வைத்துக்கொண்டே கேட்டு மறந்திருப்பாள்.

இவள் கூட்டம் போட்டாள். ஓவர்சியரும் தம் காலத்தில் மூன்று கூட்டம் போட்டவர்தான். ஏழு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் தூங்குவார்கள். இவள் கூட்டத்துக்கு முன்னறை நிறைந்து, வாசற்படி நிறைந்து, ஆட்கள் தெருவில் நின்றார்கள். வெட்டிப்போட்ட துணித் துண்டுகளின் மேலேயே உட்கார்ந்தவர்களும் உண்டு. எட்டாம் வீட்டுக்காரரும் ஒன்பதாம் வீட்டுக்காரரும் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் ஐந்து வருடம் பேசாமல் இருந்தவர்கள். அவர்கள் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஓவர்சியருக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து அதை அலங்கரிக்க நான் தயாராக இல்லை.

அவள் பேச்சும் நீளமில்லை. வேன் உள்ளே வராமல் பிள்ளைகள் புத்தக மூட்டையோடு நடப்பதைச் சொன்னாள். ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். கடைசியாக அவர் பக்கம் திரும்பி மரியாதையாகத்தான் சொன்னாள்: "அண்ணன் இத்தனை வருஷமா ஒட்டுப் போட்டு ஓட்டிட்டாரு. எத்தனை நாளைக்கு ஒட்டுப் போட முடியும்? இனிமே அவரும் கொஞ்சம் உட்காரட்டும்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஓவர்சியர் முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு வருட உழைப்பு அவள் வாயில் ஒரு கிழிசலுக்குப் போட்ட ஒட்டாகிவிட்டது. உட்காரட்டுமாம். யார் இவள், அவரை உட்காரச் சொல்ல?

மறுநாள் மாடியில் துணி உலர்த்தப் போனவர் கீழே பார்த்தார். தையல்காரம்மா தெருவில் குந்தியிருந்தாள். கழுத்து டேப்பைக் கழற்றி மாப்பிள்ளைப் பள்ளத்தை அளந்துகொண்டிருந்தாள். நீளம், அகலம், ஆழம். அளந்ததை, ஆட்களின் மார்பளவும் கையளவும் எழுதும் அதே நோட்டில் எழுதினாள். அது போகட்டும். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? அவர் மனைவி. இத்தனை வருடத்தில் ஒரு பள்ளத்தையும் எட்டிப் பார்க்காதவள், ஒரு கையால் வீட்டு மதிலைப் பிடித்து, மறுகையில் டேப் முனையை வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவர் யோசித்துப் பார்த்தார். யோசித்திருக்கவே வேண்டாம்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது, தன் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் எப்படிப் போகிறது பார்க்கலாம் என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னார். மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வீடு என் பேர்லதானே இருக்கு. நான் நேத்தே போட்டுட்டேன்."

அதற்குமேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

என்ஜினியர் வியாழக்கிழமை வருவதாகச் சேதி வந்தது. தையல்காரம்மா நூலும் துணியும் வாங்கச் செவ்வாயன்று வெளியூர் போனாள், புதன் ராத்திரிதான் திரும்புவாள். மனைவியும் அதே இரண்டு நாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஓவர்சியர் வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தார். வருகிற என்ஜினியர் இந்தத் தெருவைப் பார்த்து என்ன நினைப்பான்? கேட்பாரில்லாத தெரு என்றுதானே? இங்கே ஒரு மனிதன் இருந்திருக்கிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மழைதான் நின்றுவிட்டதே, வருடாவருடம் இந்தச் சமயத்தில் செய்கிற வேலைதானே, செய்தால் என்ன? இப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை நம்பினாரா என்றால், பாதி நம்பினார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தார். இருபத்துமூன்று பள்ளங்கள். எழுபதைத் தொடப்போகிற உடம்பு அந்த இரண்டு நாள் இருபது வயதுப் பையன் மாதிரி ஓடியது. யாரும் தடுக்கவில்லை. யார் தடுப்பார்கள்? ஓவர்சியர் பள்ளம் அடைப்பது அந்தத் தெருவில் காக்கை கத்துவது போல, யார் கண்ணிலும் காதிலும் விழாத காரியம். அதிசயமாக இந்தத் தடவை உதவிக்குக்கூட ஆள் வந்தது. நாலாம் வீட்டு மாப்பிள்ளை குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார். ஒன்பதாம் வீட்டுக்காரர் தன் வாசலைப் பெருக்கியே விட்டார். நாலு பேர் வந்து பார்க்கிற இடம், சுத்தமாக இருக்கவேண்டாமா என்றார். விருந்தாளி வந்தால் வீட்டைத் துடைத்து வைக்கிற ஜனங்கள். வருகிறவர் அழுக்கைப் பார்க்கத்தான் வருகிறார் என்பது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்ஜினியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சின்ன வயது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தார், ஒரு குலுங்கல் இல்லை. இறங்கி ஒரு அடைப்பை ஷூவால் தட்டிப் பார்த்தார். குனிந்து விளிம்பைத் தடவினார்.

"யாருங்க இதையெல்லாம் அடைச்சது?"

ஓவர்சியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தாங்க."

"கட்டமா வெட்டி, விளிம்பு எடுத்து அடைச்சிருக்கீங்க. எங்க ஆளுங்களே இப்படிச் செய்யறதில்லை."

பதினோரு வருடத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. ஓவர்சியருக்குக் கால் தரையில் படவில்லை. தையல்காரம்மா கேட்டாளா, மனைவி கேட்டாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். இருவரும் கேட்டார்கள். அந்தச் சந்தோஷம், என்ஜினியர் பேனா மூடியைக் கழற்றுகிறவரைதான் நீடித்தது. போக்குவரத்துக்கு ஏற்ற நிலையில் உள்ளது, பழுது இல்லை என்று எழுதப்போவதாக அவர் சொன்னார்.

தையல்காரம்மா நோட்டை நீட்டினாள். இருபத்துமூன்று பள்ளங்களின் அளவும் தேதியோடு இருக்கிறது என்றாள். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கண்ணால் பார்ப்பதைத்தான் நான் எழுத முடியும் அம்மா என்றார். திங்கட்கிழமை பக்கத்துத் தெருவுக்கு வருவாராம். காட்ட ஏதாவது இருந்தால் அப்போது காட்டுங்கள், அதோடு பட்டியல் முடிகிறது என்று சொல்லிவிட்டு, அதே குலுங்காத தெருவில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

தெரு முழுக்க ஓவர்சியரைப் பார்த்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தையல்காரம்மா முந்திக்கொண்டாள். "விடுங்க. விருந்தாளி வர்றாங்கன்னு அண்ணன் நல்ல மனசோட செஞ்சுட்டாரு." கூட்டமும் ஆமாம் ஆமாம், நல்ல மனுஷன் என்று தலையாட்டிக்கொண்டு கலைந்தது. குழாய் பிடித்தவர்களும் வாசல் பெருக்கியவர்களும் எல்லாருக்கும் முன்னால் கலைந்தார்கள். மன்னித்துவிட்டாளாம். அதையும் அவளே செய்துவிட்டாள். அவருக்கு வந்த கோபத்தில் மூன்று கால் நாற்காலியை ஒரு உதை விட்டார், அது இரண்டு கால் நாற்காலியாயிற்று.

வீட்டுக்குள் போனதும் மனைவி கதவைச் சாத்தினாள்.

"நல்ல மனசோடயா செஞ்சீங்க?"

அவர் முகம் கழுவுவது போலத் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். அவள் வந்து குழாயை மூடினாள்.

"அவ வீடு இங்கேருந்து நூறு அடி. அங்க போய் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பேசணும்னாலும் உங்களைக் கேக்கணும். நீங்க சட்டை மாட்டணும், கையைப் பிடிக்கணும், வாசல்ல நிக்கணும், எப்பக் கிளம்பறேன்னு பார்க்கணும். மூணு வருஷமாச்சு. கையைப் பிடிக்காம ஒரு தடவை நானா நடந்து போகணுங்க. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். உங்களை அவமானப்படுத்த இல்லை."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். ஓவர்சியர் நின்ற இடத்திலேயே நின்றார். தன் கையைப் பிடித்து நடப்பது அவளுக்கும் பிடித்திருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். கேட்டுப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. தன்மேல் அவளுக்கு வருத்தம் என்பதைவிட, அந்த வருத்தத்தைத் தையல்காரம்மாவிடம் முதலில் சொல்லியிருப்பாள் என்பதுதான் அவரை அதிகம் குடைந்தது. பொறாமைக்கு அந்த நேரத்திலும் ஓய்வில்லை, பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். தான் அடைத்ததைத் தானே பெயர்க்க ஆரம்பித்தார். ஐயோ, அந்த வேலை. மட்டமான கலவையாக இருந்தால் நாலு குத்தில் வந்திருக்கும். ஈரச் சாக்குப் போட்டு, பிள்ளையைப் போலப் பார்த்து இறுக்கிய சிமெண்ட். தன் கைத்திறமையைத் தானே திட்டிக்கொண்டு குத்தினார். மதியத்துக்குள் நாலு பள்ளம்தான் திறந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் "ஆமா, தோண்டறேன்" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் தையல்காரம்மா நோட்டோடு வந்து பக்கத்தில் குந்தினாள். ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. டேப்பை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணே, நோட்டுல ஒண்ணேகால் அடின்னு இருக்கு. நீங்க ஒரு அங்குலம் கம்மியா நிறுத்திட்டீங்க."

"தெரியும்" என்று உறுமிவிட்டு அந்த ஒரு அங்குலத்தையும் குத்தினார். ஞாயிறு சாயங்காலம் இருபத்துமூன்றும் திறந்துகிடந்தன. எந்தப் பள்ளமும் அவள் நோட்டில் இருந்ததைவிடப் பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை.

திங்கட்கிழமை என்ஜினியர் வந்தார். முதல் பள்ளத்தைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. அவர் ஒன்றும் ஏமாளி இல்லை.

"இது மழையில போன பள்ளம் இல்லையே. கடப்பாரை போட்ட பள்ளம்." விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து யாருடையது என்று பார்த்துவிட்டுத் தையல்காரம்மா பக்கம் திரும்பினார். "நீங்கதான் தோண்டச் சொன்னீங்களா? இப்படின்னா விண்ணப்பத்தையே தள்ளிட வேண்டியதுதான்."

ஓவர்சியர் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இரண்டு வருடத்தில் அவள் கட்டிய பெயரெல்லாம் இந்த ஒரு நிமிடத்தில் மண்ணாகிவிடும். அவள் ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு என்ஜினியர் பக்கம் திரும்பி மெல்ல வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொல்லப்போகிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

இதையுமா? இந்தப் பழியையும் இவளே வாங்கிக்கொண்டு, இன்னும் பெரிய மனுஷியாக வீட்டுக்குப் போவாளா? அதை மட்டும் அவரால் தாங்கிக்கொள்ள முடியாது.

"தோண்டினது நான்" என்று பின்னாலிருந்து கத்தினார். "அடைச்சதும் நான்தான். அந்தம்மாவுக்கு ரெண்டுலயும் பங்கு இல்லை."

கூட்டம் விலகி வழி விட்டது. என்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் அன்னிக்கு அவ்வளவு நல்லா அடைச்சிருந்தீங்களே. நான் வர்றதுக்கு முன்னால எதுக்கு அடைச்சீங்க?"

"பொறாமைங்க" என்றார் ஓவர்சியர். "பதினோரு வருஷம் நான் ஒண்டியா அடைச்சேன், ஒரு ஆள் திரும்பிப் பார்க்கலை. இவங்க நாலு நாள் டேப்பை வச்சு அளந்தாங்க, ஊரே பின்னால போச்சு. தாங்கலை."

யாரும் சிரிக்கவில்லை. என்ஜினியர் மாப்பிள்ளைப் பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டார். வெட்டிய சுவரில், ஒவ்வொரு தடவையும் பெயர்ந்தது போக ஒட்டி நின்ற டைல்ஸ் துண்டுகள் வரி வரியாகத் தெரிந்தன. கீழே பச்சை, அதன்மேல் வெள்ளை, அதன்மேல் பூப்போட்ட நீலம். விரலை வைத்து எண்ணினார்.

"பதினொண்ணு இருக்கு."

"வருஷத்துக்கு ஒண்ணு."

"ஒவ்வொரு மழைக்கும் பெயர்ந்துச்சா?"

"ஒவ்வொரு மழைக்கும்."

என்ஜினியர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். தெருவுக்கு அடித்தளமே போடவில்லை, மனை விற்றவர் மண்மேல் தாரைத் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார் என்றார். மேலே எத்தனை தடவை அடைத்தாலும் நிற்காது, முழுக்கத் தோண்டிப் புதிதாகத்தான் போடவேண்டும் என்று எழுதுகிறேன், நோட்டு அளவோடு இதையும் படம் எடுத்து வைக்கிறேன் என்றார். தெரு கைதட்டியது. ஜெயித்துக் கொடுத்தது ஓவர்சியரின் பதினோரு வரிகள்தான். அவை ஒருநாளும் நிற்கப்போவதில்லை என்பதற்கான அத்தாட்சியும் அவையேதான். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் அவர் கடப்பாரையைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

தையல்காரம்மா வீடுவரைக்கும் கூடவே வந்தாள். "பொறாமைன்னு சொல்லியிருந்தா டேப்போட ஒரு முனையை உங்க கையிலயே குடுத்திருப்பேனே, அண்ணே" என்றாள். கொடுத்திருந்தாலும் அவர் பிடித்திருக்கமாட்டார், அது அவருக்கே தெரியும்.

நாலு மாதம் கழித்துத் தெரு போட்டார்கள். கறுப்பாக, கண்ணாடி மாதிரி. வேன் உள்ளே வந்தது. வாடகைக் கார் வாசலிலேயே வந்து நின்றது. ஓவர்சியர் என்று கூப்பிடுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை, ஆனால் அதில் இப்போது மறுபடி கொஞ்சம் கேலி இருப்பதாக அவருக்குப் பட்டது. தினமும் காலையில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு விரிசல் இல்லை.

தெரு திறந்து மூன்றாம் நாள் மத்தியானம் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள். வழக்கம்போல அவர் எழுந்து சட்டையை எடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவள் வாசலில் இறங்கினாள். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வரிசையில் தையல்காரம்மா வாசலுக்கு வந்து, சிரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மனைவி மெல்ல நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தடி, இருபது அடி, முப்பது அடி. கை இரண்டையும் வீசிக்கொண்டு போனாள். நாலாம் வீட்டுக்கு எதிரில் வந்தபோது, வழுவழுவென்று கிடந்த அந்தக் கறுப்புத் தெருவில் அவள் வலது பக்கம் ஒதுங்கி, இரண்டு சின்ன அடி வைத்து, மறுபடி நேரே நடந்தாள்.

அது மாப்பிள்ளைப் பள்ளம் இருந்த இடம். காலில் ஏதாவது குத்திவிட்டதோ என்று தையல்காரம்மா பதறிக்கொண்டு இறங்கி வந்தாள். கேட்டுக்குப் பின்னால் ஓவர்சியர் தன் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.